விரும்பிச் சேர்ந்தவர்களே ஸ்பேம் பட்டனை அழுத்தினால் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக: பள்ளி ஒன்றின் பழைய மாணவர் சங்கம். 1,800 உறுப்பினர்கள், எல்லோரும் தாங்களே படிவம் நிரப்பிச் சேர்ந்தவர்கள். மாதம் ஒரு மடல் மட்டும் போகிறது, விளம்பரம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஆறு மாதமாகப் பாதிப் பேருக்கு மடல் ஸ்பேமில் விழுகிறது. விசாரித்தால் சிலர், "டெலிட்டுக்குப் பதிலா ஸ்பேம்னு போட்டுட்டேன்" என்கிறார்கள். இதை எப்படிச் சரிசெய்வது?

முதலில் கணக்கைப் பாருங்கள், ஏன் இப்படி ஆனது என்று அதிலேயே தெரிந்துவிடும். உங்கள் 1,800 பேரில் 1,100 பேர் ஜிமெயில் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். அனுப்புநர்களுக்குக் கூகுள் சொல்லும் அளவு இது: இன்பாக்ஸுக்குப் போன மடல்களில் ஸ்பேம் என்று புகாராவது 0.10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.30 சதவீதத்தை எட்டவே கூடாது. 1,100 பேரில் ஒருவர் அழுத்தினால் 0.09. இரண்டு பேர் அழுத்தினால் 0.18. நான்கு பேர் அழுத்தினால் 0.36, கோட்டைத் தாண்டியாயிற்று. நான்கே பேர்.

அதோடு முடியவில்லை. வகுக்கும் எண் நீங்கள் அனுப்பிய மொத்த மடல் அல்ல, இன்பாக்ஸில் போய் விழுந்தது மட்டும்தான். பாதி ஏற்கெனவே ஸ்பேமுக்குப் போய்விட்டால் மீதி 550 பேர். அவர்களில் இரண்டு பேர் அழுத்தினாலே அதே 0.36 வந்துவிடும். சரிய ஆரம்பித்த பட்டியல் தொடர்ந்து சரிவதற்கு இது ஒரு காரணம். இதையே புரிந்துகொள்ளாமல் தலைகீழாக ஏமாறுகிறவர்களும் உண்டு. மடல் மொத்தமும் ஸ்பேமில் விழுந்தால் புகார் விகிதம் பூஜ்யமாகத்தான் காட்டும், ஏனென்றால் இன்பாக்ஸில் பார்த்துப் புகார் செய்ய யாருமில்லை. எண் அழகாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்கள் அளவுக்குக் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் (அனுப்புநர்கள் தங்கள் புகார் விகிதத்தைப் பார்க்கும் பக்கம்) வரைபடமே தெரியாமல் போகலாம். நாளொன்றுக்குக் கணிசமான மடல் போகிறவர்களுக்குத்தான் அது எண்களைக் காட்டும். தெரியவில்லை என்பதால் கூகுள் கணக்கு வைக்கவில்லை என்று பொருளல்ல.

அடுத்து, மனிதர்கள் ஏன் அழுத்துகிறார்கள். ஜிமெயிலைக் கணினியில் திறந்து ஒரு மடலைத் தேர்ந்தெடுத்தால் மேலே வரிசையாகச் சில படங்கள் வரும். முதலாவது ஆர்க்கைவ், இரண்டாவது ஸ்பேம் புகார், மூன்றாவது குப்பைத்தொட்டி. ஸ்பேமும் டெலிட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, எழுத்து இல்லாமல் வெறும் படமாக. இருபது மடலுக்கு டிக் போட்டுவிட்டு அவசரமாக ஒன்றை அழுத்துகிறவர் ஒரு விரற்கடை தள்ளி அழுத்தினால் இருபது அனுப்புநர்கள் மீதும் புகார் பதிவாகிவிடும். அழுத்தியவருக்கு இரண்டிலும் ஒரே விளைவுதான் தெரியும்: மடல் கண்ணிலிருந்து மறைந்தது. கீழே சில நொடி தோன்றும் "செயல்தவிர்" வரியை யாரும் படிப்பதில்லை.

கை தவறுவதை விட அதிகம் நடப்பது பொருள் தவறுவது. "இது எனக்கு வேண்டாம்" என்பதற்கும் "இது மோசடி, நான் கேட்காமலே வந்தது" என்பதற்கும் உள்ள வேறுபாடு மெயில் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், மெயில் படிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவரைப் பொறுத்தவரை ஸ்பேம் பட்டன் என்பது கொஞ்சம் கறாரான டெலிட். இதற்குக் காரணமும் இருக்கிறது. "தெரியாத மடலில் உள்ள விலகல் இணைப்பைத் தொடாதே, தொட்டால் உன் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மோசடி மடலுக்கு அது சரியான அறிவுரை. அதை அப்படியே பிடித்துக்கொண்டவர், தானே சேர்ந்த சங்கத்தின் மடலிலும் இணைப்பைத் தொட மாட்டார். பட்டன்தான் அவருக்குப் பாதுகாப்பான வழி. அவர் மீது கோபப்படுவதில் நியாயமில்லை.

சேர்ந்ததையே மறந்துவிடுவதும் நிறைய நடக்கும், குறிப்பாகச் சங்கங்களில். படிவம் நிரப்பியபோது சங்கத்தின் பெயரைப் பார்த்தார். இப்போது அனுப்புநர் இடத்தில் புதிய செயலாளரின் சொந்தப் பெயர் நிற்கிறது. யார் இவர்? ஸ்பேம். ஒரு வருடம் ஒன்றுமே அனுப்பாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரே வாரத்தில் மூன்று மடல் அனுப்பினாலும் இதுதான் நடக்கும்.

இன்னொரு வகைப் புகார் பாதி சரி, பாதி தவறு: முகவரி மாறிப்போவது. இனிஷியலும் பெயரும் சேர்ந்த சின்ன ஜிமெயில் முகவரி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், முன்பின் தெரியாதவர்களின் கடன் கணக்கும் காப்பீட்டு ரசீதும் அவர்களுக்கு வந்துகொண்டிருக்கும். யாரோ படிவத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள், அல்லது பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்தவர் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டார். தவறான ஆளுக்கு மடல் போய்க்கொண்டே இருக்கிறது. அவருக்கு உங்கள் மடல் உண்மையிலேயே கேட்காமல் வந்ததுதான். இதைத் தடுக்க ஒரே வழி, சேரும்போது அந்த முகவரிக்கு ஓர் உறுதி மடல் அனுப்பி, அதில் உள்ள இணைப்பை அழுத்தியவரை மட்டும் பட்டியலில் ஏற்றுவது. பத்துப் பேர் படிவம் போட்டால் இரண்டு மூன்று பேர் உறுதி செய்யாமல் போவார்கள் என்று சங்கங்கள் தயங்குகின்றன. போகட்டும். உறுதி செய்யாத முகவரியால் உங்களுக்கு வாசகர் கூடப்போவதில்லை, புகார்தான் கூடும்.

இனி அனுப்பும் முறை. அதைக் கேள்வியில் சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலான சங்கங்கள் இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன. ஒன்று, செயலாளரின் ஜிமெயிலிலிருந்து எல்லோரையும் பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பெறுநர் வரிசை) போட்டு அனுப்புவது. சாதாரண ஜிமெயில் கணக்குக்கு நாளொன்றுக்கு 500 பேர்தான் வரம்பு. 1,800 பேருக்கு நான்கு நாள் ஆகும். அதைவிடப் பெரிய குறை, பிசிசி மடலில் வெளியேறும் வாசலே கிடையாது. விலக நினைக்கிறவருக்கு ஸ்பேம் பட்டன் ஒன்றுதான் கதவு. இரண்டாவது, வேறொரு அனுப்பும் சேவையை வைத்துக்கொண்டு, அனுப்புநர் இடத்தில் மட்டும் ஜிமெயில் அல்லது யாகூ முகவரியைப் போடுவது. இதுவும் கூடாது. யாகூ தன் பெயரில் வெளி சர்வரிலிருந்து வரும் மடலை நிராகரிக்கும்படி 2014 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. ஜிமெயில் பெயரைப் பயன்படுத்துகிறவர்களைக் கூகுளும் எச்சரித்திருக்கிறது. சங்கத்துக்கென்று ஒரு டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் சொந்தப் பெயர்) வாங்குங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுற்றில் முடிந்துவிடும்.

டொமைன் வந்ததும் மூன்று பதிவுகள் சரியாக இருக்க வேண்டும்: எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மடலில் இடும் மின் கையெழுத்து), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தோற்ற மடலை என்ன செய்வது என்ற அறிவிப்பு). எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கலாம், இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. அந்த வரியைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் முகவரிப் புத்தகம்) பத்து முறைக்கு மேல் தேட நேர்ந்தாலும் தோற்றுவிடும். டிகிம் சாவி 1024 பிட்டுக்குக் குறையக் கூடாது, 2048 நல்லது. டிமார்க்கை முதலில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வையுங்கள். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு (ஜிமெயில், அவுட்லுக் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 5,000 மடல்) 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும், 2025 மே மாதத்திலிருந்து அவுட்லுக்கும் இந்த மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. நீங்கள் அந்த அளவில் இல்லை. ஆனாலும் செய்யுங்கள், ஏனென்றால் டிகிம் கையெழுத்து இல்லாவிட்டால் யார் புகார் செய்கிறார்கள் என்று அறியும் வழியும் அடைபடும். அதற்கு வருகிறேன்.

என் கணிப்பில், புகாரைக் குறைப்பதற்கு இவை எல்லாவற்றையும் விட வலுவான கருவி விலகும் வழிதான். ஸ்பேம் பட்டனை அழுத்துவதை விட விலகுவது எளிதாக இருந்தால் மனிதர்கள் விலகுவார்கள். இல்லாவிட்டால் அழுத்துவார்கள். மடலின் அடியில், சாம்பல் நிறத்தில், எட்டுப் புள்ளி எழுத்தில் ஓர் இணைப்பை ஒளித்துவைத்து, அதைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்டு, பிறகு "ஏன் விலகுகிறீர்கள்" என்று ஐந்து கேள்வி கேட்டால் அது வழியில்லை, சுவர்.

சரியான முறை 2017 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தர ஆவணத்தில் இருக்கிறது. மடலின் தலைப்புப் பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். முதல் வரியின் பெயர் லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப். அதன் மதிப்பு, கோண அடைப்புக்குள் ஓர் எச்டிடிபிஎஸ் முகவரி. இரண்டாவது வரி லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட், அதன் மதிப்பு எப்போதும் "லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்=ஒன்-கிளிக்" என்பது மட்டுமே. இவற்றை ஆங்கில எழுத்தில், ஒரு குறி மாறாமல் போட வேண்டும். இவை இருந்து, அனுப்புநர் நம்பத்தக்கவர் என்றும் பட்டால், ஜிமெயில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே விலகும் பட்டனைக் காட்டும். ஒருவர் ஸ்பேம் பட்டனை அழுத்தினாலும், "புகார் செய்து விலகவும் வேண்டுமா" என்று கேட்கும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் நான்கு. அந்த எச்டிடிபிஎஸ் முகவரிக்குப் போஸ்ட் முறையில் (பக்கத்தைத் திறக்காமல் தகவலை மட்டும் அனுப்பும் முறை) கோரிக்கை வந்தவுடன் உங்கள் சர்வர் பேசாமல் நீக்க வேண்டும், உள்நுழைவோ வேறு பக்கத்துக்குத் திருப்புவதோ கூடாது. அந்த முகவரியில் உறுப்பினர் எண்ணை அப்பட்டமாக வைக்கக் கூடாது. 1187 என்று இருந்தால் யாரோ 1188 என்று மாற்றி இன்னொருவரை நீக்கிவிடலாம், எனவே ஊகிக்க முடியாத நீண்ட குறியீடாக இருக்கட்டும். டிகிம் கையெழுத்து இந்த இரண்டு வரிகளையும் உள்ளடக்க வேண்டும், சில சேவைகளில் இதைத் தனியாக அமைக்க வேண்டியிருக்கும். நான்காவதாக, மடல் உடலில் உள்ள சாதாரண இணைப்பைத் தொட்ட மாத்திரத்தில் நீக்கிவிடாதீர்கள். அலுவலக மெயில் சர்வர்கள் பாதுகாப்புச் சோதனைக்காக எல்லா இணைப்பையும் தாங்களே திறந்து பார்க்கும், உறுப்பினருக்குத் தெரியாமலே அவர் பட்டியலிலிருந்து போய்விடுவார். அந்த இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அதில் "விலகுகிறேன்" என்று ஒரே ஒரு பட்டன் இருக்கட்டும். போஸ்ட் முறையை ஆர்எஃப்சி கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான். எந்த வழியில் கேட்டாலும் இரண்டு நாளுக்குள் நீக்கிவிடுங்கள்.

மடலின் மேல் பகுதியையும் சரிசெய்யுங்கள். அனுப்புநர் பெயர் சங்கத்தின் பெயராகவே இருக்கட்டும், செயலாளர் மாறினாலும் அது மாற வேண்டாம். பொருள் வரியில் சங்கத்தின் சுருக்கப் பெயர் சதுர அடைப்பில் வரட்டும். முதல் வரியில் இப்படி ஒன்று: "2019இல் நீங்கள் நிரப்பிய உறுப்பினர் படிவத்தின்படி இந்த மடல் வருகிறது. வேண்டாமென்றால் இங்கே அழுத்துங்கள்." அடியில் அல்ல, மேலேயே. தவறான முகவரிக்குப் போனவர்களுக்காக "இது நான் இல்லை" என்று இன்னோர் இணைப்பும் வையுங்கள். அப்படி வந்தால் அந்த முகவரியைத் தடுத்து, உறுப்பினரைத் தொலைபேசியில் பிடித்துச் சரியான முகவரியை வாங்க வேண்டும்.

இப்போது புகார் செய்தது யார் என்று அறிவது. யாகூ, மைக்ரோசாஃப்ட் இரண்டும் இதற்குத் திட்டம் வைத்திருக்கின்றன. யாகூவில் டிகிம் டொமைனைப் பதிவு செய்தால் போதும். மைக்ரோசாஃப்ட்டின் ஜேஎம்ஆர்பி என்ற திட்டம், அனுப்பும் சர்வரின் ஐபி முகவரியை (இணையத்தில் அதன் எண்) வைத்து இயங்குவது, நீங்கள் பலரோடு பகிரும் ஐபியிலிருந்து அனுப்பினால் அறிக்கை உங்கள் சேவை நிறுவனத்துக்குத்தான் போகும். ஜிமெயில் ஆள் ஆளாகச் சொல்வதில்லை, மொத்த விகிதம் மட்டும்தான்.

பதிவு செய்தால், ஒருவர் ஸ்பேம் பட்டனை அழுத்திய கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு ஒரு புகார் மடல் வரும். பொதுவான வடிவம் மூன்று துண்டு. முதல் துண்டு மனிதர் படிக்க, "இது ஸ்பேம் புகார்" என்று இரண்டு வரி. இரண்டாவது துண்டு இயந்திரம் படிக்க: ஃபீட்பேக்-டைப் என்பதற்கு எதிரே அப்யூஸ், பெறப்பட்ட நாள், வந்த ஐபி. மூன்றாவது, நீங்கள் அனுப்பிய மடலின் நகல் அல்லது அதன் தலைப்பு வரிகள். ஆவலோடு பெறுநர் முகவரியைத் தேடினால் பல நேரம் அந்த இடம் அழிக்கப்பட்டிருக்கும், தனியுரிமைக்காக. ஆகவே ஒவ்வொரு மடலிலும் உங்களுக்கு மட்டும் புரியும் ஓர் அடையாளம் வேண்டும். விலகல் முகவரியில் வைத்த அந்த நீண்ட குறியீடே போதும். திரும்பும் முகவரியில் உறுப்பினருக்கு ஒன்றாக எண் சேர்க்கும் முறையும் உண்டு. அதற்கு வெர்ப் என்று பெயர், 1997இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்தது, போய்ச் சேராமல் திரும்பும் மடல்களைக் கண்டுபிடிக்கவும் அது உதவும்.

ஆளைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது? உடனே பட்டியலிலிருந்து எடுங்கள். தவறுதலாக அழுத்தினார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் எடுங்கள். "ஏன் ஸ்பேம் என்று போட்டீர்கள்" என்று மெயில் அனுப்பவே கூடாது. அந்த மெயிலுக்கும் ஒரு புகார் வரும், அந்த நபரும் சங்கடப்படுவார். அவரைப் பொறுத்தவரை அது அவருடைய பெட்டிக்குள் தனியாகச் செய்த காரியம். ஒரே ஆளிடமிருந்து ஒரே நிமிடத்தில் பத்துப் பதினைந்து பழைய மடலுக்குப் புகார் வந்தால், அது மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பெட்டியைச் சுத்தம் செய்தது. அப்படிப்பட்டவருக்குச் சங்கத்தின் வாட்ஸ்அப்பிலோ நேரிலோ, "மடல் நின்றிருந்தால் இந்தப் படிவத்தில் மறுபடி சேரலாம்" என்று பொதுவாகச் சொல்லுங்கள். புகாரைப் பற்றிப் பேச வேண்டாம். அவரே திரும்பச் சேர்ந்தால்தான் சேர்ப்பு.

பொதுக்குழு அறிவிப்பு, சந்தா ரசீது போன்றவை மாதமடலோடு சேர்ந்து அடிபடக் கூடாது. ஒரே டொமைனிலிருந்து போனால் மாதமடலுக்கு விழுந்த புகார் ரசீதையும் ஸ்பேமுக்கு இழுக்கும். மாதமடலை ஒரு துணை டொமைனிலிருந்தும் ரசீதுகளை இன்னொன்றிலிருந்தும் அனுப்புங்கள்.

பெயர் தெரியாமல் வரும் புகார் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் தன் கல்லூரி அல்லது அலுவலக முகவரிக்கு வருவதையெல்லாம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருப்பார். ஜிமெயிலில் அவர் ஸ்பேம் என்று அழுத்தினால் அடி இரண்டு இடத்தில் விழும்: டிகிம் கையெழுத்து வழியாக உங்கள் டொமைன் மீது, ஐபி வழியாகத் திருப்பிவிட்ட அலுவலக சர்வர் மீது. அந்த அலுவலகத்தின் மற்ற மடல்களும் சேர்ந்து பாதிக்கப்படும். இதை உறுப்பினர்களுக்குச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள்.

பெறுகிறவர்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான், ஆனால் அதை மெயிலில் கேட்டுப் பயனில்லை, அந்த மெயிலே ஸ்பேமில்தான் கிடக்கும். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "ஜிமெயிலில் இடப்பக்கம் உள்ள ஸ்பேம் பெட்டியைத் திறந்து, சங்க மடலைத் தொட்டு, 'ஸ்பேம் அல்ல' என்பதை அழுத்துங்கள். பிறகு அந்த முகவரியைத் தொடர்புகளில் சேருங்கள். மடல் வேண்டாம் என்பவர்கள் மடலின் மேலே உள்ள விலகல் இணைப்பை அழுத்துங்கள், ஸ்பேம் பட்டனை வேண்டாம்." ஸ்பேம் பெட்டியில் 30 நாள் கழித்துத் தானாக அழிந்துவிடும் என்பதால் மடல் அனுப்பிய வாரத்திலேயே இதைச் சொல்வது நல்லது. தவறாமல் வேண்டும் என்பவர்கள் கணினியில் ஃபில்டர் ஒன்று போட்டு, "ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே" என்பதற்கு டிக் வைக்கலாம். அதே நேரம், விலகிய பிறகும் தொடர்ந்து வரும் மடலுக்கும், கேட்காமல் வரும் விளம்பரத்துக்கும் ஸ்பேம் பட்டன்தான் சரி என்பதையும் சொல்லுங்கள். வங்கி பெயரில் வரும் ஏமாற்று மடலுக்கு ஃபிஷிங் புகார் என்று தனியாக இருக்கிறது.

இழந்த நம்பிக்கையை மீட்க, அடுத்த மடலை 1,800 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் பதில் எழுதியவர்கள், இணைப்பைத் தொட்டவர்கள், "ஸ்பேம் அல்ல" என்று போட்டதாகச் சொன்னவர்கள் ஆகியோரில் 150 பேரிலிருந்து தொடங்குங்கள். மடலைத் திறந்தாரா என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, திறக்காத மடலும் திறந்ததாகக் காட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து 300 பேர், பிறகு 500. ஒரு கட்டத்தில் இன்பாக்ஸில் விழவில்லை என்று பலர் சொன்னால் அங்கேயே நிறுத்தி ஒரு வாரம் பொறுங்கள். பெரிய அனுப்புநர்களுக்கே, விகிதம் தொடர்ந்து ஏழு நாள் 0.30க்குக் கீழே இருந்த பிறகுதான் கூகுள் நிவாரணக் கோரிக்கையை ஏற்கிறது. கடைசியில் மிஞ்சுபவர்கள், ஒரு வருடமாக எந்த அசைவும் இல்லாத நானூறு ஐந்நூறு பேர். அவர்களுக்கு மாதமடலை அனுப்ப வேண்டாம். "தொடரட்டுமா?" என்று ஒரே ஒரு முறை, ஐம்பது ஐம்பது பேராகக் கேளுங்கள். பதில் இல்லாதவர்களை எடுத்துவிட்டு, சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவேட்டோடு ஒரு புதிய மெயில் படிவத்தையும் வையுங்கள்.